யார் கை வைத்த மூலை

அத்தியாயம் 7

தான் எழுதிய அறிக்கையைத் தானே எடுத்துப் படிக்க ஒரு துப்பறிவாளருக்குக் கூச்சமாக இருந்தால், அந்த அறிக்கையில் ஏதோ கோளாறு என்று அர்த்தம். அண்ணிக்குப் பத்து நாளாக அப்படித்தான் இருந்தது. அலமாரியில் அந்த ஃபைல் கண்ணில் பட்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அண்ணி என்றால் யாருக்கு அண்ணி என்று கேட்பீர்கள். முறைப்படி ஒரே ஒருத்திக்குத்தான், கணவரின் தங்கைக்கு. அவள்தான் அலுவலகத்தில் உதவியாளர். வாய்க்குப் பூட்டு கிடையாது, போகிற இடமெல்லாம் கூடவே வருவாள், அதனால் வாலு. அவள் நாள் முழுக்க அண்ணி, அண்ணி என்று கூப்பிட்டதில் வக்கீல்கள், வாடிக்கையாளர்கள், கீழே கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி என்று எல்லோருக்கும் அவர் அண்ணியாகிவிட்டார். போன வருஷம் கையும் களவுமாகப் பிடிபட்ட ஒரு மோசடிக்காரன்கூட "மன்னிச்சிடுங்க அண்ணி" என்றான்.

கையில் இருந்தது ஒரு கேலரி வழக்கு. கட்டடமெல்லாம் கிடையாது, கேலரி இணையத்தில்தான் இருக்கிறது. கம்பெனிகளின் லோகோ, லெட்டர்ஹெட், பெயர்ப்பலகை, பை, பெட்டி இவற்றில் நல்லதாகப் பொறுக்கி எடுத்துக் காட்சிக்கு வைப்பார்கள். ஒரு பெண்மணி வீட்டின் பின்னறையில் பதினோரு பழைய லெட்டர்ஹெட்டை வைத்து ஆரம்பித்தது, பன்னிரண்டு வருஷத்தில் நாலாயிரத்தைத் தாண்டிவிட்டது. தினம் ஐம்பது பேர் அனுப்பினால் ஒன்று ஏறும். ஏறிய டிசைனரைத் தேடிக்கொண்டு வேலை வரும். ஏறாதவர் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பக்கத்தின் உச்சியில் "உள்ளது உள்ளபடி" என்று பெரிதாகப் போட்டிருக்கும். வந்ததை வந்தபடி வைப்போம், ஒரு புள்ளியைக்கூடத் தொடமாட்டோம் என்பது கேலரி மேடத்தின் சத்தியம்.

அதில் ஒரு மெத்தை கம்பெனியின் லோகோ இருந்தது. அது ஏறி ஒரு வருஷம் கழித்து ஒரு கூரியர் கம்பெனியின் லோகோ ஏறி, வருஷத்தின் சிறந்த லோகோ என்று பரிசும் வாங்கிவிட்டது. முதலாவது ஒரு தலையணை, இரண்டாவது ஒரு தபால் உறை. ஆனால் வலது மேல் மூலை மட்டும் இரண்டிலும் அச்சு அசல் ஒன்று. கூராக முடியாமல் லேசாக மழுங்கி, அதற்குக் கீழே மயிரிழை அளவுக்கு ஓர் இடைவெளி. மெத்தைக்காரர்கள் திருட்டு என்று கொதித்தார்கள். மேடம் அண்ணியைக் கூப்பிட்டார். அண்ணி இரண்டையும் கேலரியில் பெரிதாக்கிப் பார்த்து, சாய்வை அளந்து, மழுங்கலை அளந்து, இடைவெளியை அளந்து, நகல்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

கூரியர் லோகோவை வரைந்த டிசைனருக்கு அன்றோடு வேலை போயிற்று. பேசி முடித்திருந்த இன்னும் இரண்டு கம்பெனிகளும் போனை எடுக்கவில்லை. மிச்சம் இருந்தது ஒன்றுதான். இன்று மாலை ஐந்து மணிக்கு, கேலரியில் உள்ள அவருடைய முப்பத்தோரு வேலைகள் மீதும் "நகல்" என்று சிவப்புப் பட்டை ஒட்டி, கேலரியைப் பின்தொடரும் முப்பதாயிரம் பேருக்கு மெயிலும் போய்விடும். அதற்குப் பிறகு அந்த மனிதர் இந்தத் தொழிலில் தலைகாட்ட முடியாது.

இப்படியிருக்க, காலை பதினொரு மணிக்கு வாலு ஒரு பழைய கேன்வாஸ் பையைக் கொண்டுவந்து மேஜைமேல் போட்டாள். அளவு சரியில்லாத செருப்பைத் திருப்பி அனுப்ப அந்தக் கூரியர் கடைக்குப் போயிருந்தாளாம். கவுன்ட்டர்காரர் டேப் உருளைகளைப் போட்டு வைத்திருந்த பை இது. தன் புதுப் பையைக் கொடுத்து இதை வாங்கி வந்திருக்கிறாள். அவசரத்தில் உள்ளே இருந்த சாப்பாட்டு டப்பாவையும் சேர்த்துக் கொடுத்துவிட்டதாகவும், மதியம் தன்னை யாராவது தத்து எடுத்துக்கொண்டால் நல்லது என்றும் சொன்னாள்.

"மூலையப் பாருங்க அண்ணி" என்றாள்.

அண்ணி பார்த்தார். பையில் இருந்த தபால் உறையின் வலது மேல் மூலை கூராக இருந்தது. மழுங்கல் இல்லை, இடைவெளியும் இல்லை. ஓரத்தில் தைத்திருந்த துணிச்சீட்டில் அச்சடித்த மாதம் இருந்தது. லோகோ கேலரியில் ஏறியதற்கு நான்கு மாதம் முந்தைய மாதம்.

அண்ணி பையைக் கீழே வைத்தார். எழுந்து போய் அந்த ஃபைலை எடுத்து, கடைசிப் பக்கத்தைப் படித்தார். சாய்வு, மழுங்கல், இடைவெளி என்று மூன்று ஆதாரம். நான்காவதாக, "டிசைனரை நேரில் அழைத்து விசாரித்தபோது அரைமணி நேரம் பதில் இல்லை. பதில் இல்லாததே நான்காவது ஆதாரம்." எதிரே இருந்த அதே நாற்காலியில்தான் அந்த மனிதர் தண்ணீர் டம்ளரை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் போனதும் இந்த வரியை எழுதி, எப்படி இருக்கிறது என்று வாலுவிடம் வாசித்தும் காட்டியிருந்தார் அண்ணி. அப்போது பெருமையாக இருந்தது. இப்போது அந்தக் காகிதத்தைக் கிழித்து வாயில் போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

ஒரு லோகோவைப் பற்றி எழுதியவர், அது ஒட்டியிருந்த ஒரு வண்டியை, ஒரு பையை, ஓர் உறையைக் கண்ணால் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் கேலரியிலேயே பார்த்து முடித்துக்கொண்டார். உள்ளது உள்ளபடி என்று போட்டிருந்ததை அப்படியே நம்பிவிட்டார்.

"வண்டி எடு" என்றார்.

கூரியர் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் விளம்பரப் பிரிவு அதிகாரியின் அறை மூன்றாம் மாடியில். சுவர்க் காலண்டர், காபிக் கோப்பை, கால் மிதியடி என்று அங்கே லோகோ இல்லாத பொருள் அந்த அதிகாரி அம்மா மட்டும்தான் என்று வாலு அண்ணியின் காதில் முணுமுணுத்தாள். எல்லாவற்றிலும் மூலை மழுங்கித்தான் இருந்தது. பையைக் காட்டியதும் அதிகாரி அம்மா சிரித்தார். அது முதல் தடவை அடித்த பை, இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று ஆச்சரியப்பட்டார். லோகோவை எப்போது மாற்றினீர்கள் என்று அண்ணி கேட்டார். மாற்றவே இல்லையே, அதே லோகோதானே என்றார் அவர்.

அண்ணி பையையும் காபிக் கோப்பையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அதிகாரி அம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது.

கதை அப்புறம் வெளியே வந்தது. டிசைனர் கொடுத்த ஃபைலை வைத்துத்தான் முதல் பைகளை அடித்தார்கள். அதன் பிறகு லோகோ கேலரியில் ஏறியது. முதலாளி அதை அங்கே பார்த்துவிட்டு, நம்மிடம் இருப்பதைவிட இது இன்னும் பளிச்சென்று இருக்கிறதே என்றார். கேலரியிலிருந்தே இறக்கி அச்சகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். வண்டி, சட்டை, கோப்பை எல்லாம் அதிலிருந்து வந்தவை. என்ன மாறியிருக்கிறது என்று யாரும் உற்றுப் பார்க்கவில்லை. கேலரியிலிருந்து எடுத்தது டிசைனருக்குத் தெரியுமா என்று கேட்டார் அண்ணி. அன்றைக்கே சொல்லிவிட்டோம், சரி, அதையே வைத்துக்கொள்ளுங்கள் என்றார் என்று பதில் வந்தது.

லிஃப்டில் இறங்கும்போது வாலு கணக்குப் போட்டாள். அந்த மூலை டிசைனர் வரைந்தது இல்லை. அவர் கொடுத்தது கூர்மூலை, கேலரியில் இருப்பது மழுங்கல் மூலை. நடுவில் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

"அது சரி. ஆனா அவர் ஏன் அண்ணி வாயத் திறக்கல? நான் குடுத்த மூலை இது இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்குமே. நானா இருந்தா லிஃப்ட்ல வர்றவங்களுக்குக்கூட சொல்லியிருப்பேன்."

 அந்த டம்ளர் உருண்ட சத்தம்தான் அண்ணியின் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

மதியம் இரண்டு மணிக்குக் கேலரி மேடத்தின் வீட்டுப் பின்னறையில் இருந்தார்கள். ஒரு ஜன்னல், இரண்டு கம்ப்யூட்டர் திரைகள், சுவர் முழுக்கப் பெட்டி ஃபைல்கள். ஆரம்பகாலத்துப் பதினோரு லெட்டர்ஹெட்டும் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியிருந்தன. மேடம் அதிர்ந்து பேசாதவர். சிவப்புப் பட்டையைத் தயார் செய்து வைத்துவிட்டதாகவும், மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் கேலரியின் நாணயம் முக்கியம் என்றும் சொன்னார்.

அண்ணி பையை வெளியே எடுக்கவில்லை. அறிக்கையோடு சேர்க்க ஒரு சின்ன விளக்கம் வேண்டும், ஒரு லோகோ எப்படிக் கேலரியில் ஏறுகிறது என்று ஒரு தடவை செய்து காட்ட முடியுமா என்று மட்டும் கேட்டார். வாலு சட்டென்று ஒரு காகிதத்தை நீட்டினாள். அலுவலகத்துக்காக அவளே ஸ்கேல் வைத்து வரைந்தது, சதுரத்துக்குள் ஒரு கண். நான்கு மூலையும் விரலில் குத்துகிற மாதிரி கூராக இருந்தன.

"தகுதி இல்லன்னா முகத்துக்கு நேரா சொல்லிடுங்க மேடம். தாங்கிக்குவேன். ரெண்டு நாள் யார்கூடவும் பேச மாட்டேன், அண்ணிக்கு நிம்மதி."

மேடம் சிரித்துக்கொண்டே அதை ஸ்கேன் செய்து திரையில் ஏற்றினார். பேச்சும் வேலையுமாக நடந்தது. அந்தக் காலத்தில் வந்த லெட்டர்ஹெட் எல்லாம் மங்கிப்போய் இருக்கும், அப்படியே வைத்தால் ஒன்றும் தெரியாது, அதனால் கோட்டின்மேலேயே கோடு போட்டுத் தெளிவாக்குவாராம். பிறகு எல்லாமே ஒரே மாதிரி சுத்தமாக இருக்கட்டும் என்று, தெளிவாக வந்ததையும் அப்படியே செய்வது பழக்கமாகிவிட்டது. கோட்டின்மேல் கோடு, அவ்வளவுதான். சொந்தமாக எதையும் சேர்ப்பதில்லை, எதையும் எடுப்பதில்லை. இதைச் சொல்லிக்கொண்டே அவர் கை சதுரத்தைச் சுற்றி வந்தது. கீழ்ப் பக்கம், இடது பக்கம், மேல் பக்கம். வலது மேல் மூலைக்கு வந்ததும் கை லேசாக வளைந்தது. கீழே ஓர் இடத்தில் கோடு விட்டுப்போய், மறுபடி தொடர்ந்தது.

"மேடம், கைய எடுத்துட்டுத் திரையப் பாருங்க" என்றார் அண்ணி.

வாலு தன் காகிதத்தைத் திரைக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தாள். மேடம் பார்த்தார். முதலில் புரியவில்லை. பிறகு அவசரமாக அந்த வளைவை அழித்தார். அழித்துவிட்டு மறுபடி போட்டார். மறுபடியும் அதே மூலைதான் வந்தது. கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் வேணும்னு பண்ணல" என்றார். குரல் அடங்கிப்போயிருந்தது.

அண்ணி இப்போது பையை எடுத்து வைத்தார். கேலரியை நாள் வாரியாகத் திறக்கச் சொன்னார். மெத்தை லோகோ ஏறியதற்கு முன்னால் அப்படி ஒரு மூலை எங்கேயும் இல்லை. அது ஏறியதற்குப் பிறகு வாலு எண்ண ஆரம்பித்தாள். ஒரு வங்கி, ஒரு சோப்பு, ஒரு பள்ளிக்கூடம், ஒரு பல் ஆஸ்பத்திரி. நாற்பத்து மூன்றில் நிறுத்திக்கொண்டாள். மேடம் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். மெத்தை லோகோ வந்தபோது ஒரு வாரம் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாராம். அந்த மூலை அவ்வளவு பிடித்துப்போயிருந்தது. கண்ணுக்குப் பிடித்ததைக் கை பிடித்துக்கொண்டது. நாற்பத்து மூன்று பேரில் ஒருவரும் கேட்கவில்லை. தான் கொடுத்ததைவிட அழகாக இருந்தால் யார் கேட்பார்கள்?

"நகல்னு எழுதினது சரிதான் மேடம்" என்றார் அண்ணி. "ஆளைத்தான் தப்பா எழுதிட்டேன்."

 பிறகு மேடம் தலை நிமிராமல் ஒரு வழி சொன்னார். ஆதாரம் போதவில்லை என்று போட்டுச் சிவப்புப் பட்டையை ஒட்டாமல் விட்டுவிடலாம். யாருக்கும் தலைகுனிவு இல்லை. அண்ணிக்கும்தான்.

கடைசிச் சொல் எங்கே போய்த் தைக்க வேண்டுமோ அங்கே தைத்தது. அண்ணி ஒரு நிமிஷம் அதை யோசித்தார் என்பதை மறைப்பதற்கில்லை. பத்து வருஷத் தொழில், ஒரு தப்பு அறிக்கைகூட இல்லை என்ற பெயர். வாலு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆதாரம் போதவில்லை என்றால், திருடியிருக்கலாம், பிடிபடவில்லை என்றுதான் உலகம் படிக்கும் என்று சொன்னாள். இந்தத் தடவை கிண்டல் இல்லை.

"முழுசா போடுவோம்" என்றார் அண்ணி. "எந்த மூலை, யார் கை, யார் பார்க்காம எழுதினாங்க, எல்லாம்."

மேடம் சம்மதித்தார். ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. பரிசு வாங்கியபோது அந்த டிசைனர் கேலரிக்குப் பேட்டி கொடுத்திருக்கிறார். மூலை தனக்கு எப்படித் தோன்றியது என்று, ஏதோ வீட்டில் நடந்ததை வைத்து அழகாகச் சொல்லியிருந்தாராம். இப்போது நான் போட்டது என்று மேடம் எழுதி, இல்லை, என்னுடையதுதான் என்று டிசைனர் சொல்லிவிட்டால் மொத்தமும் சந்தி சிரித்துவிடும். அவர் வாயால் வரவேண்டும். ஐந்து மணிக்குள்.

நான்கு மணிக்கு டிசைனர் வீட்டு அழைப்புமணியை அடித்தார்கள். கதவைத் திறந்தது அவர் மனைவி. அண்ணியை அடையாளம் தெரிந்ததும் கதவை முழுசாகத் திறக்காமல் நின்றுகொண்டார்.

"அந்த மூலை என்னைப் பார்த்து வந்தது, தெரியுமா உங்களுக்கு? நான் புத்தகத்த மூடி வைக்கறப்ப பக்கத்தோட ஓரத்த மடிச்சு வைப்பேன். அதைப் பார்த்துத்தான் வரைஞ்சேன்னு பேட்டியிலயே சொல்லியிருக்கார். அதப் போய் திருட்டுன்னு எழுத எப்படி மனசு வந்தது?"

அண்ணியின் கை தானாகப் பையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனது. ஒரு நிமிஷத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. அந்த மனிதர் ஏன் டம்ளரை உருட்டினார், ஏன் பேசவில்லை என்று பத்து நாள் கழித்து இந்த வாசலில் நின்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அன்றைக்கு ஒரு கேள்வி ஒழுங்காகக் கேட்டிருந்தால் போதும்.

டிசைனர் பின்னாலிருந்து வந்தார். பத்து நாள் தாடி. நீ உள்ளே இரு, நான் பேசிக்கொள்கிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு மாடிப்படிக்கு வந்து கதவைச் சாத்தினார். அண்ணி பையைக் காட்டினார். அவர் அதைத் தொடவில்லை.

கேலரியில் ஏறிய அன்றைக்கே அவருக்குத் தெரியும். மேடத்துக்குப் போன் போட்டுச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தார். அதற்குள் வாழ்த்துகள் வர ஆரம்பித்தன. வந்த அத்தனை பேரும் அந்த மூலையைத்தான் புகழ்ந்தார்கள். சாயங்காலத்துக்குள் சொல்ல முடியாத அளவுக்குப் போய்விட்டது. பேட்டிக்காரர் மூலை எப்படி வந்தது என்று கேட்டபோது இவர் என்ன சொல்வார்? மனைவி பக்கத்தில் படித்துக்கொண்டிருந்தார். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார்.

"அவ அத நாலு பேர்கிட்ட சொல்லி சொல்லி சந்தோஷப்பட்டா" என்றார். "திருடன்னு நீங்க எழுதினது பொய். பொய்யின்னு எனக்குத் தெரியும், அதனால தாங்கிக்க முடிஞ்சுது. இத ஒத்துக்கிட்டா நான் பொய்யன். அது நிஜம். அத எப்படித் தாங்கறது?"

சமாதானம் சொல்ல அண்ணிக்கு யோக்கியதை இல்லை. அதனால் தன்னுடையதைச் சொன்னார்.

"என் ரிப்போர்ட்ல நாலாவது ஆதாரம் எது தெரியுமா? நீங்க பேசாம உட்கார்ந்திருந்தது. உங்க முகத்தப் பார்த்தே முடிவு பண்ணிட்டேன். இன்னிக்குப் போற மெயில்ல முதல் வரி அதுதான், என் பேரோட. நீங்க எழுதிக் குடுத்தாலும் குடுக்கலைன்னாலும் அது போகும்."

 டிசைனர் கதவைத் திறந்து உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

இருவரும் படியில் உட்கார்ந்தார்கள். உள்ளே சண்டைச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. அவர் குரல் மட்டும் தாழ்வாக, விட்டு விட்டுக் கேட்டது. அப்புறம் அதுவும் நின்றுபோனது. எப்போதும் பேசிக்கொண்டே இருக்கும் வாலு, தன் செருப்பு நுனியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு நாற்பது ஆயிற்று.

கதவைத் திறந்தது மனைவிதான். கையில் ஒரு முழுத்தாள் இருந்தது. கண் சிவந்திருந்தாலும் குரல் நடுங்கவில்லை.

"அவருக்குக் கை ஓடல. அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். கையெழுத்து அவரோடது."

அண்ணி எழுந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். 

"அனுப்பிடுங்க" என்றார் அந்தப் பெண். "ஒண்ணே ஒண்ணு. பேட்டியில என்னைப் பத்தி வர்ற வரிய முதல்ல எடுத்துடச் சொல்லுங்க."